மின்சார காருக்கு ராத்திரி கரண்ட் மலிவா? வாங்கும் முன் உங்கள் கரண்ட் பில்லைப் பாருங்கள்!

விதை நெல்லும் உயிர் உரமும் கேட்டு வரும் விவசாயிகள், பேச்சோடு பேச்சாக இப்போது இன்னொன்றையும் கேட்கிறார்கள். "சார், கரண்ட் கார் வாங்கலாமா? ராத்திரியில் சார்ஜ் போட்டால் யூனிட் மலிவாமே?" கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இந்தக் கேள்வி வருவதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், "இங்கே நடுராத்திரியில் கார் சார்ஜ் செய்தால் பகல் கட்டணத்தில் பாதிகூட ஆவதில்லை" என்று போனில் சொல்லிவிடுகிறார்கள். சொல்வது உண்மைதான். ஆனால் அது அந்த நாட்டுக் கணக்கு.

நம் ஊர்க் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இப்போதைக்கு ராத்திரிச் சலுகை என்று ஒன்று கிடையாது. பகல் 12 மணிக்குப் போட்டாலும், ராத்திரி 12 மணிக்குப் போட்டாலும் யூனிட் விலை ஒன்றே. விலையைத் தீர்மானிப்பது கடிகாரம் அல்ல. இரண்டு மாதத்தில் உங்கள் மீட்டர் எத்தனை யூனிட் ஓடியது என்பதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் கார் வாங்கினால், மிச்சம் பிடிக்க நினைத்த காசு பில்லில் போய்விடும்.

ராத்திரிச் சலுகை ஏன் வந்தது?

அனல் மின்நிலையத்தையும் அணுமின் நிலையத்தையும் பம்ப்செட் மோட்டார் மாதிரி நினைத்தபோது நிறுத்தி, நினைத்தபோது ஓட்ட முடியாது. ஊர் தூங்கும் நேரத்திலும் அவை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்க ஆள் இல்லாத அந்த மின்சாரத்தை மலிவாக விற்பதற்காக, இங்கிலாந்தில் 1978-லேயே ராத்திரியில் ஏழு மணி நேரம் குறைந்த கட்டணம் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று அங்கே கார் வைத்திருப்பவர்கள் அதன் வழியில் வந்த திட்டங்களில்தான் சார்ஜ் செய்கிறார்கள்.

நம் மாநிலத்தில் நிலைமை மாறிவிட்டது. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் 2016-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவை ஏராளம். ஆக, நம்மிடம் மின்சாரம் மிஞ்சும் நேரம் வெயில் நேரம். தட்டுப்பாடு வரும் நேரம், சூரியன் இறங்கி வீட்டுக்கு வீடு விளக்கும் ஃபேனும் ஏ.சி.யும் ஓடும் மாலை 6 முதல் 10 மணி வரை.

மத்திய அரசு 2023-ல் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியபோதும் இதைத்தான் அடிப்படையாக வைத்தது. சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும், உச்ச நேரத்தில் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அந்தத் திருத்தம். விவசாய இணைப்பு தவிர மற்றவர்களுக்கு 2025 ஏப்ரல் முதல் என்று தேதி குறித்தார்கள். ஆனால் அதற்கு நேரம் பிரித்துக் கணக்கெடுக்கும் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். நம் வீடுகளில் அது பொருத்தப்பட்டு, ஒழுங்குமுறை ஆணையம் கட்டணமும் அறிவித்த பிறகே இது நம் பில்லுக்கு வரும். வரும்போது மலிவு நேரம் பகலாகத்தான் இருக்கும். இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய கட்டணம்

2024 ஜூலை முதல் வீட்டு இணைப்புக்கு நாம் கட்டும் தொகை, இரண்டு மாதக் கணக்கில்:

மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால்:
• முதல் 100 யூனிட்: இலவசம்
• 101 – 200: யூனிட்டுக்கு ரூ.2.35
• 201 – 400: ரூ.4.70
• 401 – 500: ரூ.6.30

500-ஐத் தாண்டினால்:
• முதல் 100 யூனிட்: இலவசம்
• 101 – 400: ரூ.4.70
• 401 – 500: ரூ.6.30
• 501 – 600: ரூ.8.40
• 601 – 800: ரூ.9.45
• 801 – 1,000: ரூ.10.50
• 1,000-க்கு மேல்: ரூ.11.55

2025 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது வீட்டு இணைப்புக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. இனி மாறினால், கீழே உள்ள கணக்கில் எண்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். முறை அதேதான்.

ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர்?

சிறிய மின்சார கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு டாடா டியாகோ இ.வி.யில் 24 யூனிட் பிடிக்கும் பேட்டரி உள்ளது. பேட்டரியில் 24 யூனிட் ஏற வேண்டுமானால் மீட்டரில் 27 யூனிட் வரை ஓடும். சார்ஜரிலும் பேட்டரியிலும் சூடாக வீணாவது 10 முதல் 15 சதவீதம். வாய்க்காலில் கசிந்து போகும் தண்ணீர் மாதிரி, இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். விளம்பரத்தில் சொல்லும் தூரம் சோதனைச் சாலைத் தூரம். ஏ.சி. போட்டு, நம் ரோட்டில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போனால் மீட்டர் யூனிட் ஒன்றுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் கார், இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர் ஓடும். அதற்கு 286 யூனிட் வேண்டும். இந்த 286 யூனிட்டை மூன்று வீடுகளின் பில்லில் ஏற்றிப் பார்ப்போம்.

முதல் வீடு: வயதான தம்பதி மட்டும். இரண்டு மாதத்துக்கு 150 யூனிட், பில் ரூ.118. கார் வந்த பிறகு 436 யூனிட், பில் ரூ.1,402. காருக்கான செலவு ரூ.1,284. கிலோமீட்டருக்கு 64 பைசா.

இரண்டாம் வீடு: நடுத்தரக் குடும்பம், 360 யூனிட், பில் ரூ.987. கார் வந்த பிறகு 646 யூனிட், பில் ரூ.3,315. காருக்கான செலவு ரூ.2,328. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 16 பைசா.

மூன்றாம் வீடு: இரண்டு ஏ.சி. ஓடும் வீடு, 900 யூனிட். கார் வந்த பிறகு 1,186 யூனிட். காருக்கான செலவு மட்டும் ரூ.3,198. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 60 பைசா.

ஒரே கார், ஒரே தூரம். ஆனால் முதல் வீட்டுக்கும் மூன்றாம் வீட்டுக்கும் இரண்டரை மடங்கு வித்தியாசம். கார் கம்பெனிக்காரர் சொல்லும் "கிலோமீட்டருக்கு இவ்வளவு பைசா" உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று பார்க்காமல் நம்பாதீர்கள்.

அதே தூரத்துக்கு லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் என்றால், லிட்டர் 101 ரூபாய் வீதம் சுமார் ரூ.11,220 ஆகும். கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 60 பைசா. ஆகவே மூன்றாம் வீட்டுக்காரருக்கும் மின்சார கார் ஓட்டுவது லாபமே.

501-வது யூனிட்டின் விலை

இரண்டாம் வீட்டுக்காரர் மாதம் 500 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காருக்கு 143 யூனிட்; வீட்டுக்கு 360. மொத்தம் 503. பில் ரூ.2,065. அதே பில் 500 யூனிட்டோடு நின்றிருந்தால் ரூ.1,805. கடைசி மூன்று யூனிட்டுக்கு மட்டும் 260 ரூபாய்! காரணம், 500-ஐத் தாண்டிய உடனே 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கான பாதி விலைச் சலுகை முழுவதும் போய்விடுகிறது.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. ரீடிங் எடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த ரீடிங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது மீட்டரைப் பாருங்கள். 480, 490 என்று நின்றால், காரில் இருக்கும் சார்ஜை வைத்து ஓட்டிவிட்டு, ரீடிங் எடுத்த மறுநாள் முழுதாகச் சார்ஜ் போடுங்கள். ராத்திரி, பகல் என்று பார்ப்பதைவிட இந்த ஒரு பழக்கத்தில் அதிக மிச்சம் உண்டு.

வண்டி விலையை எத்தனை வருஷத்தில் எடுக்கலாம்?

அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மின்சார கார் 3 லட்சம் ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கும் வண்டிக்கு ஷோரூமில் இரண்டு விலையையும் கேட்டு, இந்த எண்ணைத் திருத்திக்கொள்ளலாம்.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டும் இரண்டாம் வீட்டுக்காரருக்கு மாதம் சுமார் 4,450 ரூபாய் மிச்சம். ஐந்தரை வருஷத்தில் கூடுதல் விலை திரும்பிவிடும். பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறார்கள். அதற்குள் போட்ட பணம் வந்துவிடுகிறது. மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் மிச்சம் சுமார் 2,265 ரூபாய்; திரும்ப 11 வருஷம் ஆகும், அதாவது வாரண்டி முடிந்து மூன்று வருஷம் கழித்து. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கார் எடுப்பவர், இருக்கும் பெட்ரோல் வண்டியையே வைத்துக்கொள்வது நல்லது. தினம் காய்கறியோ பாலோ ஏற்றி காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் போய்வருபவருக்குத்தான் இது வருமானம்.

பம்ப்செட் இணைப்பில் சார்ஜ் போடாதீர்கள்

இதை அழுத்திச் சொல்கிறேன். கிணற்றடியில் இலவச மின்சாரம் இருக்கிறது, காரும் அங்கேயே நிற்கிறது, ஒரு வயர் இழுத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த இணைப்பு பாசன மோட்டாருக்கு என்று கொடுக்கப்பட்டது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவுப்படி, அனுமதித்த காரியத்தை விட்டு வேறு காரியத்துக்கு மின்சாரத்தை எடுத்தால், அந்தக் காரியத்துக்கு உரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு விதிக்கலாம். எப்போதிலிருந்து எடுத்தீர்கள் என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்குப் போடுவார்கள்.

அபராதம்கூடக் கட்டிவிடலாம். இணைப்பைத் துண்டித்தால் பயிர் என்ன ஆகும்? பதிவு செய்து, வருஷக்கணக்கில் வரிசையில் காத்திருந்து வாங்கிய சர்வீஸ் அது. மாதம் ஆயிரம் ரூபாய் கார்ச் செலவை மிச்சம் பிடிக்க, கதிர் வரும் நேரத்தில் நெல்லைக் காயவிடுவது எந்தக் கணக்கிலும் சேராது. தோட்டத்தில் குடியிருப்பவர்கள், அந்த வீட்டுக்குத் தனியாக வீட்டு இணைப்பு வாங்கி, அதில் சார்ஜ் போட வேண்டும்.

மெத்தையில் சோலார் இருந்தால் பகல்தான் ராஜா

பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் (2024) 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். நம் பக்கத்து வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரி 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் சுமார் 720 யூனிட். இரண்டாம் வீட்டுக்காரருக்கு வீடு, கார் இரண்டுக்கும் 646 யூனிட் போதும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கார் இல்லாதபோது அவர் பில் ரூ.987 மட்டுமே. அதற்காக சோலார் போட்டால் முதல் திரும்ப இருபது வருஷம் ஆகும். கார் வந்த பிறகு பில் ரூ.3,315, வருஷத்துக்கு 20,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 2 லட்சம் ரூபாய்ச் செலவில் மானியம் போக 1,22,000 ரூபாய் போட்டிருந்தால், ஆறு வருஷத்தில் வந்துவிடும். அதாவது, கார் இல்லாமல் கட்டுபடியாகாத சோலார், காரோடு சேர்ந்தால் கட்டுபடியாகிறது. மின்வாரியம் சோலாருக்கு விதிக்கும் சிறு கட்டணங்கள் இருந்தால் கழித்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டு ஓட்டு வீடுகளில் ஓட்டின் மேல் பேனல் ஏற்றுவது கஷ்டம். மெத்தை உள்ள பகுதியோ, பின்கட்டில் தனி இரும்புச் சட்டமோ வேண்டும். வேப்பமர நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகக் குறையும்.

வயரிங், எர்த்

காருக்கான 15 ஆம்பியர் சார்ஜர் 3.3 கிலோவாட் வரை இழுக்கும். நமக்குப் புரியும்படி சொன்னால், நாலரை ஹெச்.பி. மோட்டார் ஒன்று எட்டு மணி நேரம் விடாமல் ஓடுவதற்குச் சமம். வீட்டில் எந்தச் சாமானும் இப்படி ஓடாது. ஆகவே:

• மீட்டர் போர்டிலிருந்து காருக்கென்று தனி வயர் இழுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுவது நல்லது.
• தனி எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்.
• எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சார்ஜ் போடவே கூடாது. பிளக் உருகித் தீப்பிடிக்கும்.
• பழைய மரப்பட்டி வயரிங் உள்ள வீடுகளில் அதைத் தொடாமல் புது லைன் இழுங்கள்.
• இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டு, தேவையானால் கூட்டிக்கொள்ளுங்கள்.

எர்த் விஷயத்தில் நம் ஊருக்குத் தனிக் கவனம் வேண்டும். இங்கே செம்மண் சரளை. சித்திரை, வைகாசியில் ஈரமே இருக்காது. காய்ந்த மண்ணில் எர்த் வேலை செய்யாது. எர்த் சரியில்லாவிட்டால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். கார் கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். கரியும் உப்பும் போட்ட எர்த் குழியை ஆழமாக எடுத்து, கோடையில் வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

வெயிலும் பேட்டரியும்

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை (சிக்ரி) நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவைத்த நிலையம். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. எந்த பேட்டரியும் மின்வேதியியல் வினைதான். சூடு கூடினால் வேண்டாத வினைகளும் வேகமாக நடந்து ஆயுள் குறையும்.

ஆகவே மத்தியான வெயிலில் ஓட்டி வந்த உடனே சார்ஜ் போடாமல், நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். சோலார் உள்ளவர்கள் காலை 9 மணிக்கே தொடங்கினால் வெயில் ஏறுமுன் பெரும்பகுதி ஏறிவிடும். சோலார் இல்லாதவர்கள் ராத்திரி 10 மணிக்கு மேல் போடுங்கள். பில் குறையாது, ஆனால் மாலை 6 முதல் 10 வரை கிராமத்து ட்ரான்ஸ்பார்மரில் லோடு கூடி வோல்ட்டேஜ் இறங்கும் நேரத்தைத் தவிர்க்கலாம். பக்கத்து வீட்டு ஃபேனும் நன்றாகச் சுற்றும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: சோலார் பம்ப்செட் போட்டிருக்கிறேன். மோட்டார் ஓடாத நேரத்தில் அதில் கார் சார்ஜ் செய்யலாமா?

பதில்: நேரடியாகக் கூடாது. பம்ப் கண்ட்ரோலர் தரும் மின்சாரம் வெயிலுக்கு ஏற்ப ஏறி இறங்கும். வீட்டு 230 வோல்ட் மாதிரி நிலையாக இருக்காது. கார் சார்ஜர் பழுதாகும். பம்ப் தவிர வேறு சாமான்களையும் இயக்கும் 'யுனிவர்சல் கண்ட்ரோலர்' வகை உண்டு. உங்களுடையது அதுவா, கார் சார்ஜருக்கு ஏற்றதா என்று நிறுவியவரிடமும் வேளாண் பொறியியல் துறையிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: காருக்கு மட்டும் இன்னொரு வீட்டு மீட்டர் வாங்கினால் அதிலும் 100 யூனிட் இலவசம் கிடைக்குமா?

பதில்: ஒரே குடும்பம் இருக்கும் ஒரே வீட்டுக்கு, கட்டணப் படியைப் பிரிப்பதற்காக இரண்டாவது வீட்டு இணைப்பு தரமாட்டார்கள். அப்படி இருப்பவற்றையும் ஒன்றாக்கச் சொல்கிறார்கள். பங்காளிகள் தனித்தனிச் சமையலோடு தனித்தனியாகக் குடியிருக்கும் பெரிய வீடு என்றால் அது வேறு. அவரவர் மீட்டரில் அவரவர் கார்.

கேள்வி: மதுரை போய்த் திரும்பினால் சார்ஜ் தாங்குமா?

பதில்: கோட்டையூரிலிருந்து போக, வர ஏறத்தாழ 180 கிலோமீட்டர். 24 யூனிட் பேட்டரிக்கு அது எல்லை ஓரம். மதுரையில் வேலை பார்க்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் பொதுச் சார்ஜரில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே யூனிட் 20 ரூபாயைத் தாண்டினாலும் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் அளவில்தான் வரும். பொது நிலையங்களுக்கு காலை 9 முதல் மாலை 4 வரை குறைந்த கட்டணத்தில் மின்சாரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. செயலியில் நேரத்துக்கு நேரம் விலை மாறுகிறதா என்று பார்த்துப் போடுங்கள்.

கேள்வி: மகன் வெளிநாட்டில். வருஷத்தில் ஒரு மாதம்தான் வருவான். கார் மற்ற மாதங்களில் சும்மா நிற்கும். முழுச் சார்ஜில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பாதி அளவில் வைத்து, நிழலில் நிறுத்துங்கள். மாதம் ஒரு முறை பார்த்து, 20 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் சிறு பேட்டரியும் இறங்கும். அதனால் யாராவது அவ்வப்போது நாலு கிலோமீட்டர் ஓட்டுவது நல்லது. ஆனால் ஒரு மாத ஓட்டத்துக்கு மின்சார கார் வாங்குவது கட்டுபடியாகாது. மகன் வரும்போது வாடகைக் கார் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கடைசி ஆறு பில்லை எடுத்து, யூனிட்டைக் கூட்டி ஆறால் வகுங்கள். இது வீட்டுச் சராசரி. இரண்டு மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்களோ அதை 7-ஆல் வகுங்கள். இது கார் யூனிட். இரண்டையும் கூட்டி, மேலே உள்ள கட்டணப்படி பில் போடுங்கள். அதிலிருந்து பழைய பில்லைக் கழித்தால் வருவது கார்ச் செலவு. அதே தூரத்துக்கு இப்போது போடும் பெட்ரோல் செலவைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இந்தத் தாளோடு ஷோரூமுக்குப் போனால் விலை பேசுவதும் எளிது.